முனியராஜுக்கு ஒரு வேலை

போர்மேன் ஆண்டிச்சாமி கேள்வி கேட்டது முனியராஜிடம். பதில் சொன்னது அவன் பெண்டாட்டி வள்ளித்தாய்.

“எந்த வேலை குடுத்தாலும் செய்வாக அண்ணாச்சி. கொஞ்சம் கூச்சம், அம்புட்டுத்தான்.”

முழங்கையால் புருஷனை இடித்தாள். அவனோ பட்டாசுக் கம்பெனி கேட்டருகே நட்டுவைத்த கல்லாக நின்றான்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த வாயில்லாத்தனத்தால் போன வேலைகள் கொஞ்சமா?

சாத்தூர் ஜவுளிக்கடையில் வாசலில் நின்று ஆள் கூப்பிடச் சொன்னார்கள். வந்தவர்களுக்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்றான். மினி பஸ்ஸில் கண்டக்டரானான். ஊர்ப்பேரைக் கத்திச் சொல்ல மாட்டாமல் நின்றான். ஏழாயிரம்பண்ணையைத் தாண்டிப்போய் விழித்த சனம் அவன் வம்சத்தையே வைதது.

இதுவும் போனால், இங்கே பெட்டி அடைத்து அவள் வாங்கும் கூலி ஒன்றுதான். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டியதுதான்.

ஆண்டிச்சாமி அவளைப் பார்க்கவே இல்லை. முனியராஜின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோட்டில் போன லாரியின் டயர் டமாரென்று வெடித்தது. போர்மேனே துள்ளிவிட்டார். முனியராஜ் மெதுவாகத் திரும்பி, டயர்தான் என்று பார்த்துவிட்டுப் பழையபடி நின்றான்.

“வீட்லயும் இப்பிடித்தானா?” என்றார் ஆண்டிச்சாமி.

அவனுடைய அமைதியை ஒருவர் குறையாகச் சொல்லாமல் கேட்டது இதுதான் முதல் தடவை. வள்ளித்தாய்க்கு மனசு குளிர்ந்துபோனது. விடுவாளா? வீட்டுக்குள் பாம்பு வந்தபோது தூங்கின பிள்ளையை எழுப்பாமல் தூக்கிக்கொண்டு அவன் நடந்து வெளியே வந்ததைச் சொன்னாள். தெருவே கூடி அலறினாலும் அவனுக்குப் படபடப்பு வராது என்றாள். கை மட்டும் நடுங்கவே நடுங்காது என்று சத்தியம் செய்தாள்.

“போதும் தாயி. மருந்து கலக்க இப்பிடி ஒரு ஆளத்தான் தேடிக்கிட்டிருந்தேன். சம்பளமும் ரெட்டிப்பு.”

வள்ளித்தாய் சட்டென்று திரும்பிக் கம்பெனிக்குள்ளே பார்த்தாள்.

வெடிமருந்து கலக்கும் அறை எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி, கம்பெனியின் கடைக்கோடியில் இருந்தது. அங்கே வேலை பார்த்த சோலைமலையைப் போன ஆனியில் சாக்கில் கட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

சொன்னதெல்லாம் பொய் என்று சொல்ல வேண்டும். இவுக பயந்தாங்கொள்ளி, இருட்டைக் கண்டாலே நடுங்குவாக, வேண்டாம் அண்ணாச்சி. எதை முதலில் சொல்வதென்று அவள் தவிக்கும்போதே, பக்கத்திலிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

“நாளைக்கே வாரேன் அண்ணாச்சி.”