கண்ணுக்குத் தெரியாத செலவு

“பலகைய விடுங்கக்கா. டெக்குக்குக் கீழ என்ன இருக்கு, அதச் சொல்லுங்க மொதல்ல” என்றார் பக்கிரிசாமி.

மலேசியாவின் கிள்ளானில் இருபது வருடமாக மரக்கடையும் கான்ட்ராக்ட் வேலையும் பார்ப்பவர். எதிரே நோட்டுப் புத்தகத்துடன் ரமணி. வீட்டின் பின்புறம் டெக் என்னும் மரத்தளம் போடுவது பற்றிக் கேட்க, ரவாங்கிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தாள்.

“வீடு மேட்டுல இருக்குண்ணே. பின்கதவத் தாண்டி ஆறடி தரை, அப்புறம் பள்ளம். பத்தடிக்குக் கீழ சிமெண்டுக் கால்வாய்.”

“அப்போ டெக் பள்ளத்து மேல நீட்டிக்கிட்டு நிக்கும். எத்தன பேரு ஏறுவாங்க?”

“தீபாவளி ஓபன் ஹவுஸ் விருந்துக்கு நாப்பது பேராவது வருவாங்க.”

“சும்மாவா நிப்பாங்க? போட்டோன்னு ஒருத்தன் கூப்பிட்டா நாப்பது பேரும் தட்டோட ஒரே ஓரத்துக்கு வந்துருவாங்க லா!”

ரமணி நிமிரவில்லை. “அப்படி வந்தாலும் தாங்கணும். அதுக்கு அடியில என்னென்ன போடணும்? தனித்தனியா விலை சொல்லுங்க.”

“அடியில உள்ளதக் கேட்ட மொத கஸ்டமர் நீங்கதான். மத்தவங்க பலகை கலரத்தான் கேப்பாங்க” என்று சிரித்தவர், கால்குலேட்டரை இழுத்துக்கொண்டார். “ஆறு தூணுக்கும் ஆழமா கான்கிரீட், ரெண்டாயிரத்து நானூறு வெள்ளி. சுவத்தோட பிடிக்கிற போல்ட்டு, இரும்புத் தகடு, எழுநூறு. தூணுக்குத் தூண் குறுக்குச் சட்டம், ஆயிரத்து இருநூறு. நாலாயிரத்து முந்நூறு.”

எழுதிக்கொண்டாள். “இதுல எதையும் கூட்டி வைக்கலையே?”

“பாசார்ல கத்திரிக்காயா விக்கிறேன்? சாமான் வாங்குன பில்லு இருக்கு. பாருங்க.”

ஒவ்வொரு பில்லாக வாங்கிப் பார்த்தாள். அவ்வளவு பொறுமையாகப் பார்ப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“கான்ட்ராக்டர்னாலே சுருட்டுவான்னு ஒரு நெனப்பு” என்றார். “மேல தெரியுற பலகைக்குப் பேரம் பேச மாட்டாங்க. கீழ தெரியாததத்தான் வெட்டச் சொல்வாங்க. நான் அந்த மாதிரி வேலைய எடுக்குறதில்ல.”

“எடுக்குறவர் இருப்பாரே.”

“இருப்பாரு. அவருக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குல்ல? ஆமா, இதுக்கா கிள்ளான் வந்தீங்க? ரவாங்ல ஆளே இல்லையா?”

“என்னைத் தெரியாத ஒருத்தர்கிட்ட கேக்கணும்னு தோணுச்சு.”

“நல்லது. அடுத்த தீபாவளிக்கு நெறைய நாள் இருக்கு. எப்ப வந்து அளக்கட்டும்?”

ரமணி பில்களைச் சீராக அடுக்கி அவரிடம் நீட்டினாள்.

“அளக்க ஒண்ணுமில்லண்ணே. விலை சரிதானான்னு தெரிஞ்சிக்கத்தான் வந்தேன். தீபாவளிக்கு முந்தி எங்க வீட்டுல டெக் போட்ட சுகுமாறனும் இதே நாலாயிரத்து முந்நூறுதான் கேட்டாரு. ஏமாத்துறார்னு நெனச்சு நான்தான் மூணையும் பேனாவால அடிச்சேன். டெக் சரிஞ்சதுக்கு இப்ப அவர் மேல கேஸ்.”

ரமணி நோட்டுப் புத்தகத்தை மூடினாள்.

“போலீஸ்ல போய்ச் சொல்லிடுறேன்ணே. எம்பொண்ணு மாதவிக்குப் பதினாறாம் நாள் காரியம் நேத்துதான் முடிஞ்சது.”