ஆட்சேபணை இல்லை

"ஒரே ஒரு சீன் எங்க கம்பெனி மாதிரி இருக்கட்டும். நாளைக்குக் காலையிலயே கோர்ட்ல தடை வாங்கிடுவேன், பார்த்துக்கோ."

சுரங்கக் கம்பெனியின் பொது மேலாளர் முன்வரிசை சோபாவில் சாய்ந்தபடி சொன்னார். ஆப்பிரிக்காவில் தாமிரம் வெட்டும் கம்பெனி. அங்கே பதினாறு வருடம் குப்பை கொட்டிவிட்டு இப்போதுதான் தலைமை அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்.

இருபது பேர் உட்காரக்கூடிய அந்தப் பிரிவியூ தியேட்டரில் அவரும் டைரக்டரும் மட்டும்தான். ஆப்பிரிக்கச் சுரங்க அக்கிரமங்களைப் பற்றி யாரோ ஒரு பெண் படம் எடுக்கிறாள் என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டு, அவரே போன் போட்டு மிரட்டியிருந்தார். போட்டுக் காட்டாமல் படம் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு.

"எல்லாம் கற்பனைதான் சார்," என்றாள் டைரக்டர்.

"அதை நான் சொல்லணும்." கோட்டுப் பையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்து ஆட்டிக் காட்டினார். "எங்க வக்கீல் அடிச்சுக் கொடுத்தது. ஒண்ணு, தடை கேட்டு. இன்னொண்ணு, எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு. படம் முடிஞ்சதும் ஏதாவது ஒண்ணுல கையெழுத்துப் போடுவேன். முதல்ல உன் போனைக் கொடு."

வாங்கி, அணைத்து, தன் பையிலேயே போட்டுக்கொண்டார். விவரமான மனுஷர்.

"மூணு வருஷ உழைப்பு சார். என்னோட முதல் படம். நீங்கதான் பார்த்து..." அவள் இழுத்தாள். தடை விழுந்தால் படம் பெட்டிக்குள்ளேயே கிடந்து மட்கிவிடும்.

விளக்கு அணைந்தது.

திரையில் பட்டப்பகல். ஒட்டுமீசை வில்லன் கையைத் தட்ட, பத்துப் பேர் பீப்பாய் பீப்பாயாக விஷக் கழிவை ஆற்றில் கவிழ்த்தார்கள். மேலாளர் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னம்மா இது கூத்து! ஆத்துல கொட்டினா மீன் செத்து மிதக்காதா? ஊரே கூடிடாதா?"

"கம்பெனிக்காரங்க அப்படித்தான் கொட்டுவாங்கன்னு நினைச்சேன் சார்."

"நினைச்சியா! வெட்டி முடிச்ச பழைய குழியெல்லாம் எதுக்கு இருக்கு? அதுல இறக்கி மேல மண்ணைத் தள்ளிடணும். பதினோரு வருஷமா நாலாம் நம்பர் குழியில இறக்கறோம். இன்னிக்கு வரைக்கும் ஒரு பய மூச்சு விட்டதில்ல."

அவள் அசடு வழிந்தாள். அவருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. தொழில் தெரிந்தவருக்குத் தன் தொழிலைத் தப்பாகக் காட்டினால் பொறுக்குமா?

அடுத்த காட்சியில் வில்லன் மந்திரியிடம் பெட்டி நிறைய நோட்டுக் கட்டுகளை நீட்டினான்.

"பெட்டியா? இவன் எந்தக் காலத்துல இருக்கான்?" மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "மந்திரியோட மச்சானை ஆலோசகரா போட்டுட்டா வேலை முடிஞ்சுது. எங்க ஆலோசகருக்குத் தாமிரம் எது, தக்காளி எதுன்னே தெரியாது. மாசம் பொறந்தா சம்பளம் மட்டும் கரெக்டா போயிடும்."

மூன்றாவது காட்சியில் வில்லன் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைச் சுக்குநூறாகக் கிழித்துக் கொக்கரித்தான்.

"ஐயோ, கிழிக்கலாமாம்மா? அறிக்கை நல்லபடியா வர்றதுக்குல்ல வழி பண்ணணும்! தண்ணி எடுக்கற இடத்தை மாத்தணும். மலை மேல சுத்தமான ஊத்து இருக்கு. நானே ஏறிப் போய் பாட்டில்ல பிடிச்சு, ஊர்க் கிணத்துத் தண்ணின்னு லேபிள் ஒட்டி அனுப்பியிருக்கேன். என் கையெழுத்துதான்."

"அப்போ... அந்தக் கிணத்துத் தண்ணியை ஊர்ல குழந்தைங்க குடிச்சுக்கிட்டே இருக்குமே சார்?"

"குடிக்கும். அதுக்கு நான் என்ன பண்றது? எங்க குவார்ட்டர்ஸுக்கு பாட்டில் தண்ணி வந்துடும்."

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அட, அழாதேம்மா. முதல் படம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்," என்று அவர் தேற்றினார். மனசு குளிர்ந்துபோயிருந்தது. படத்தில் இருக்கும் கம்பெனிக்கும் அவர் கம்பெனிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

விளக்கு எரிந்ததும் தடைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மற்றதைச் சத்தமாகவே வாசித்தார். "இந்த இயக்குநரின் முதல் படத்தில் வரும் எந்தக் காட்சிக்கும், எந்தப் பேச்சுக்கும், இப்போதும் இனி எப்போதும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை." பெருமையாக நிமிர்ந்தார். "எங்க வக்கீல் ஓட்டை ஒடிசல் இல்லாம எழுதுவார். இந்தா, பிடி."

கையெழுத்துப் போட்டார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த படத்துக்குச் சந்தேகம் வந்தா கூச்சப்படாம என்கிட்ட கேளு," என்று தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார்.

கார் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலில் கைகூப்பி நின்றாள். பிறகு உள்ளே ஓடிவந்து திரையைத் தட்டினாள்.

"ஏங்க, போயாச்சு. வாங்க வெளிய."

கேமராவைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, சின்ன ஓட்டை போட்டிருந்த திரைக்குப் பின்னாலிருந்து அவள் கணவன் வந்தான்.

"முகம் தெளிவா விழுந்திருக்கா?"

"படத்தோட வெளிச்சம் நேரா மூஞ்சியில அடிச்சுதே, மூக்குமுடி கூடத் தெரியுது. குரலும் சுத்தம். ஆமா, நாடகக் குழுவை வச்சு ரெண்டு நாள்ல எடுத்தோமே, இந்த ஒட்டுமீசைக் கண்றாவி, இதை என்ன பண்ண?"

"அழிச்சிடுங்க, அவருக்குக் காட்டத்தானே எடுத்தோம்," என்றாள் அவள். "நம்ம நிஜமான முதல் படத்துக்கு மூணு வருஷமா தேடின சாட்சி, தானே வந்து உட்கார்ந்து, எல்லாத்தையும் சொல்லிட்டு, கையெழுத்தும் போட்டுட்டுப் போயிட்டார்."