தலைதீபாவளிப் பறிமுதல்

குடும்பத்தின் பெயர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், தீபாவளியன்று மாலை நான்கு மணிக்கு, கடல் தாண்டிய தீவிலுள்ள சௌல்தாரியில் சிவஞானம் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரர் சிவஞானம், முப்பத்திரண்டு வருடம் சர்க்கார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி செல்லம். மகள் மீனா. தலைதீபாவளிக்கு வந்திருந்த மருமகன் அஸ்வின். அஸ்வினின் அப்பா பழனிசாமி, சாத்தூர்க்காரர். இனிப்பு கொடுக்க வந்த பக்கத்து வீட்டு விஜயராஜ், மைதானத்தில் லைசென்ஸ் எடுத்துப் பட்டாசுக் கடை போட்டிருப்பவர். பிறகு, ஜீப்பில் வந்து இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர் பவானியும் இரண்டு கான்ஸ்டபிள்களும். வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கணக்கில் சேரமாட்டார்கள்.

கல்யாணப் பந்தியிலேயே பழனிசாமி நாலு பேர் காதுபட ஒன்று சொல்லியிருந்தார். "தீவுல என்ன பெரிய தீபாவளி? ஆளுக்கு ரெண்டு கம்பி மத்தாப்பு. எங்க ஊர்ல அன்னிக்கு நாய்கூட வெளிய தலை காட்டாது."

சிவஞானம் அதை மனதில் குறித்துக்கொண்டார். பயணிகள் கப்பலில் பட்டாசு ஏற்றமாட்டார்கள். ஆகவே ஒரு வியாபாரியைப் பிடித்து, சரக்குக் கப்பலில் எட்டுப் பெரிய பெட்டிகள் வரவழைத்து, பின்கட்டு அறையில் அடுக்கிப் பூட்டினார். விஜயராஜ் கடையில் ஒரு மத்தாப்புக்கூட வாங்கவில்லை. விஜயராஜுக்கு அதில் மனத்தாங்கல். ஊருக்கே தெரியும்.

"எட்டு மணிக்கு மேலதான வெடிக்க விடுவாங்க? அதுக்குள்ள ஒரு பெட்டியைப் பிரிங்க சம்மந்தி. திரியைப் பாத்தே எந்தப் பட்டறைன்னு சொல்லிருவேன்" என்றார் பழனிசாமி, அன்றைக்கு மூன்றாவது முறையாக.

"நேரம் வரும்போது பிரிப்போம்" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் சிவஞானம்.

அப்போதுதான் ஜீப் வந்தது.

பவானி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். தீவுக்காரர்களைப் போல இந்தி கலந்துதான் அவர் பேச்சு. "மாஃப் கர்னா அங்கிள். நல்ல நாள் அதுவுமா வர்றேன். வீட்ல லைசென்ஸ் இல்லாம ஏகப்பட்ட பட்டாசு ஸ்டாக் இருக்குன்னு ஸ்டேஷனுக்கு போன் வந்துச்சு. பேர் சொல்லாம வச்சுட்டாங்க."

எல்லார் கண்ணும் ஒரே நேரத்தில் விஜயராஜ் மேல் போய் நின்றது.

"ஐயோ, நான் இல்லண்ணே! மீனாவைத் தூக்கி வளர்த்தவன் நான்!"

"உன்னை யாராவது கேட்டாங்களா விஜயராஜ்?" என்றார் சிவஞானம். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த சோகம் விஜயராஜை இன்னும் நன்றாக மாட்டிவிட்டது.

"சம்மந்தி முன்னால மானம் போச்சே!" செல்லம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "என்னங்க, அந்தப் பொண்ணுகிட்ட கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்."

"சும்மா இரு. நம்ம வீட்ல சட்டத்தை மறிச்சு யாரும் நின்னதில்ல." சாவியை அவரே எடுத்து நீட்டினார்.

எட்டுப் பெட்டிகளும் முற்றத்துக்கு வந்தன. "கோலோ. கின்தி கரோ" என்று பவானி சொன்னதும், பெட்டியைப் பிரித்து எண்ண கான்ஸ்டபிள் கத்தியை எடுத்தார். சிவஞானம் குறுக்கே கையை நீட்டினார்.

"பிரிக்காதீங்கம்மா. மருந்து கொட்டும், ஆபத்து. மேல லேபிள்ல எல்லாம் இருக்கு, அதைப் பாத்து எழுதுங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். சத்தமா படிச்சு எழுதணும்."

"கியோன் அங்கிள்? சத்தமா எதுக்கு?"

"நாளைக்கு எவனும் குறைச்சுச் சொல்லக் கூடாது பாருங்க."

பவானி படித்தார். "பத்தாயிரம் வாலா, நாலு. அணுகுண்டு, அறுபது டப்பா. ராக்கெட், நூறு..."

"வானத்துல வெடிக்கிற நூத்திருபது ஷாட்டை விட்டுட்டீங்க. பன்னிரண்டு."

"ஹாங் ஜி. நூத்திருபது ஷாட், பன்னிரண்டு."

வேலிக்கு வெளியே யாரோ விசிலடித்தார்கள். பழனிசாமி மெல்ல எழுந்து நின்றார். "பத்தாயிரம் வாலா நாலா? சம்மந்தி, எங்க தெரு மொத்தத்துக்கும் ஒண்ணுதான் போடுவோம்."

"ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து போடணும்" என்றார் பவானி.

"ஒண்ணு சம்மந்தி போடட்டும்" என்றார் சிவஞானம். "இன்னொண்ணு விஜயராஜ் போடட்டும். அதுதான் முறை."

விஜயராஜ் அவசரமாகக் கிறுக்கிவிட்டுப் பேனாவைத் தள்ளினார். பழனிசாமியோ முழுப் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதி, பறிமுதல் பட்டியலைப் படம் எடுத்துச் சாத்தூருக்கு அனுப்பிவிட்டு, கையோடு போனிலும் கூப்பிட்டார். "ஏலேய், அள்ளிட்டுப் போக ஒரு வண்டி பத்தாம ரெண்டாவது வண்டிக்குச் சொல்லியிருக்காங்கடா. நம்ம மீனா வீடுன்னா சும்மாவா!"

இரவு எட்டு மணிக்கு, தான் நிரபராதி என்று காட்ட விஜயராஜ் தன் கடையிலிருந்து ஒரு சாக்கு நிறையப் பட்டாசு கொண்டுவந்து சிவஞானம் வீட்டு வாசலில் பத்து மணி வரை வெடித்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். அதனாலேயே ஊருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

பிறகு கோர்ட்டில் சிவஞானம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தலை நிமிர்ந்து நின்று அபராதம் கட்டினார். பெட்டிகளை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி அழித்தார்கள். அந்தச் செய்தி கேட்ட அன்று சாத்தூரில் பழனிசாமி சாப்பிடவில்லையாம்.

போலீசுக்குப் போட்டுக் கொடுத்தது விஜயராஜ்தான் என்று சௌல்தாரியில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

அது பொய்: தீபாவளியன்று விடியற்காலையில் ஆளில்லாத பாக்குத் தோட்டத்தில் பெட்டிக்கு ஒரு வெடி எடுத்துக் கொளுத்திப் பார்த்து, கப்பலிலேயே கடல் தண்ணீர் குடித்திருந்த எட்டில் ஒன்றுகூட வெடிக்காமல் போகவே, பெட்டிகளைப் பழையபடி ஒட்டி வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்தவர் சிவஞானம்தான்.