கோணல் ஒன்று

‘முன்பு கருக்கலைப்பு: எத்தனை?’ என்ற கட்டத்தில் அவள் சைபர் போட்டாள்.

பொய்தான். ஆனால் மாமியார் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கும்போது உண்மையை எழுத யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்தக் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு ஒவ்வொரு தடவையும் புதுப் படிவம். நூலில் கட்டித் தொங்கும் பென்சிலால் நிரப்பி, மேஜைத் தட்டில் வைத்துவிட்டு, சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

“நீ போ, நான் வெச்சுடறேன்” என்று மாமியார் படிவத்தைக் கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டார். எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிற ரகம். மருமகளின் மருத்துவ ஃபைல்கூட அவர் பீரோவில்தான் தூங்கும்.

டாக்டர் அறைக்குள் அவள் மட்டும்தான் போனாள்.

“முன்னாடி ஒண்ணு கலைச்சிருக்கீங்களாம்மா?”

“இல்லையே டாக்டர்!”

“ஒண்ணுன்னு போட்டிருக்கீங்களே.”

எட்டிப் பார்த்தாள். கட்டத்துக்குள் கோணலாக, நடுங்கி நடுங்கி எழுதிய ஓர் ஒன்று.

“கை தவறிடுச்சு” என்று சமாளித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஒன்று கண்ணைவிட்டுப் போகவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய சங்கதி அது. ஒரு தோழியைத் தவிர ஈ காக்கைக்குத் தெரியாது. கலைக்காமல் விட்டிருந்தால் இப்போது நாலு வயது. எழுதப் பழகுகிற வயது. குழந்தைகள் முதலில் எழுதுவது ஒன்றைத்தானே?

மதியம் வீடு அடங்கியதும், கூடத்தில் யாரோ உட்கார்ந்து பென்சிலால் கீறுகிற மாதிரி கேட்கும். போய்ப் பார்த்தால் வெறும் தரை. மாமியார் தன் அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

கணவனிடம் சொல்லலாமென்றால், எதையென்று சொல்வது? சொன்னால் குடித்தனம் நிலைக்குமா?

ஐந்தாம் மாதப் பரிசோதனையில் சைபரை அழுத்தி, பட்டையாகப் போட்டாள்.

டாக்டர் படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அதே கோணல் ஒன்று. அதற்கடியில் அழிந்தும் அழியாமலும் அவளுடைய சைபர்.

“நான் எழுதல டாக்டர். அது எழுதுது... விட மாட்டேங்குது” என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டாக்டர் திட்டவில்லை. “பெரும்பாலானவங்களுக்கு அதனால ஒண்ணும் ஆகறதில்லம்மா. சிலருக்கு மட்டும் குறைமாசத்துல பிறக்க வாய்ப்பு கொஞ்சம் கூட. சொன்னீங்கன்னா கர்ப்பப்பை வாயை முன்கூட்டியே அளந்து பார்ப்போம். அவ்வளவுதான்.”

அளந்தார்கள். அதன் நீளம் கவலைப்படும் அளவுக்குக் குறைந்திருந்தது. அது திறந்துவிடாமலிருக்க மறுநாளே தையல் போட்டார்கள்.

“பழசாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா தெரிஞ்சதாலதான் பார்த்தேன். இல்லன்னா கோட்டை விட்டிருப்போம்” என்றார் டாக்டர்.

அடுத்த மாதம். வயிற்றுக்குள் குழந்தை நன்றாகவே உதைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாமியார். வேறு வழியில்லாமல் மறுபடியும் சைபரே போட்டுவிட்டு எழுந்தாள். பாதி தூரம் போனதும் சிறுநீர் பாட்டிலை மறந்தது நினைவுக்கு வர, திரும்பினாள்.

மாமியார் படிவத்தின்மேல் குனிந்து, பென்சில் முனை ரப்பரால் எதையோ அழித்துக்கொண்டிருந்தார். பிறகு நடுங்கும் விரல்களால் ஒரு கோடு இழுத்தார்.

“அத்தை!”

மாமியார் பதறவில்லை. “உஷ், கத்தாதே.”

“உங்களுக்கு... யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லல. முதல் நாளே அந்தக் கட்டம் வந்ததும் உன் கை நின்னுடுச்சு. சந்தேகம்தான். தப்பா இருந்தா ஒரு ஸ்கேன் கூடுதலா எடுப்பாங்க, குடியா முழுகிடும்?”

அவள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவர்கிட்ட...”

“அவன்கிட்ட எதுக்கு? அவன் அப்பாகிட்டயே நான் இன்னும் சொல்லல.”

“எதை அத்தை?”

மாமியார் படிவத்தைத் தட்டில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“நானும் அன்னிக்கு சைபர்தான் சொன்னேன். யாரும் எதையும் பார்க்கல. உன் புருஷனுக்கு மூத்தவன் ஆறாம் மாசமே வந்துட்டான்... அரை மணி நேரம் என் கையில இருந்தான்.”