ஆந்தூரியத்துக்கு வெயில் ஆகாது

ஈரத்துணியால் ஆந்தூரியத்தின் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் ஒருமுறை துடைத்ததுதான். தூசி ஒன்றும் இல்லை. இருந்தாலும் துடைத்தார்.

அவள் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"அந்த ஆந்தூரியத்தை மட்டும் வந்து எடுத்துக்கறனுங்க. வேற எதுவும் வேண்டாம்." முன்தினம் போனில் பேசியது அவ்வளவுதான்.

அவர் மனைவி நாகமணி வீட்டை விட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சண்டையே போட்டதில்லை. மகளை ஓசூருக்குக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் பேச்சுக்குரலும் நின்றுபோனது. அவர் மில்லிலிருந்து வருவார். மொட்டைமாடிக்கு ஏறுவார். இருட்டும்வரை அவருடைய காகிதப்பூச் செடிகளோடு இருப்பார். இறங்கி வந்து சாப்பிட்டுப் படுப்பார். கர்ப்பப்பை ஆபரேஷன் அன்றைக்கு அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, "முடிஞ்சதும் போன் பண்ணச் சொல்லு" என்று ஷிப்டுக்குப் போனவர். அதில் ஒரு தவறு இருப்பதாக அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் பெட்டியோடு கூடத்தில் வந்து நின்றாள். பீளமேட்டில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வார்டன் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். தங்குவதும் அங்கேயேதான் என்றாள்.

"சரி" என்றார்.

வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று பிறகு நிறைய நாள் யோசித்தார்.

சமையலறைக்குப் பின்னால் ஒரு தொட்டிச்செடி இருப்பதே அவள் போன பிறகுதான் அவர் கண்ணில் பட்டது. வாடியிருந்தது. தூக்கிக்கொண்டு போய் மாடியில் காகிதப்பூவின் பக்கத்தில் வைத்தார்.

செடி என்றால் அவருக்கு அந்த ஒரு வகைதான் தெரியும்.

காகிதப்பூவுக்கு நல்ல வெயில் வேண்டும். மண் காய்ந்து கிடக்க வேண்டும். இலை துவளும்வரை தண்ணீர் காட்டக் கூடாது. அப்போதுதான் கிளை தெரியாமல் பூக்கும். தண்ணீரைக் கொட்டினால் வெறும் இலைதான் வரும். கண்டுகொள்ளாமல் விட்டாலே போதும்.

ஆந்தூரியம் அந்த வாரமே கருகியது.

மகளுக்கு போட்டோ அனுப்பினார். உடனே கூப்பிட்டாள்.

"அப்பா, அதுக்கு வெயிலே ஆகாதுங்கப்பா. அம்மா அதை நெழலை விட்டு நகத்தவே மாட்டாங்க. இத்தனை வருசம் அங்கதான இருந்துது, நீங்க பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை.

கீழே கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தார். போனில் வீடியோக்கள் பார்த்தார். காகிதப்பூ, ஆந்தூரியம் இரண்டுமே தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்றார்கள். ஒன்று பிரேசில் பக்கம், வறண்ட நிலத்திலும் தாங்கி வளர்வது. மற்றது கொலம்பியாவின் மழைக்காட்டில், பெரிய மரங்களின் நிழலில் வளர்வது.

அந்த இடத்தை மட்டும் பின்னால் தள்ளி இன்னொரு முறை கேட்டார்.

பிறகு மண்ணை மாற்றினார். தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, உடைத்த செங்கல். வேரில் தண்ணீர் தேங்கவும் கூடாது, காயவும் கூடாது. குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் ஆறவிட்டு ஊற்றினார். இலைகளின் மேல் பனி போலத் தெளித்தார். காபி டம்ளரோடு அதன் பக்கத்திலேயே உட்காரப் பழகினார்.

ஒரு நாள் சுருளாக ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. சில வாரங்கள் கழித்து சிவப்பாக ஒரு பூ.

கூப்பிட்டுக் காட்ட வீட்டில் யாரும் இல்லை.

கேட் சத்தம் கேட்டது.

இளைத்திருந்தாள். தலைக்குச் சாயம் போடுவதை விட்டிருந்தாள். கண்ணாடி புதிது. இதையெல்லாம் தான் கவனிப்பதை அவரே கவனித்தார்.

அவள் நேராகப் பின்பக்கம் போனாள். செடியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஒவ்வொரு இலையாகத் தொட்டாள். பூவின் அடியில் விரலை வைத்து நிமிர்த்திப் பார்த்தாள்.

"இத்தனை நல்லா பாத்துக்கத் தெரியுமுங்களா உங்களுக்கு?"

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமான ஆச்சரியம். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

பதிலுக்கு, மட்டை எங்கே வாங்க வேண்டும், கரியை எவ்வளவு போட வேண்டும், எப்போது தெளிக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. அவள் வருடக்கணக்கில் வளர்த்த செடியைப் பற்றித்தான் சொல்கிறார் என்றாலும் அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

தொட்டியை அவரே தூக்கிக்கொண்டு போனார்.

"மடியில வெச்சுக்க. எதிர்காத்து படாம பாத்துக்க."

ஆட்டோ திரும்பி மறைந்தது.

சாயங்காலம் போன் வந்தது. நாகமணிதான்.

"எங்க வெக்கறதுன்னு தெரியலைங்க."

"ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம் இருக்குது?"

"ஜன்னல் இல்லீங்க."

அவள் அறை எப்படி இருக்கும் என்று இதுவரை அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

"இங்க அந்த எடம் அப்படியேதான் இருக்குது, நாகமணி" என்றார்.

அந்தப் பக்கம் ஹாஸ்டல் பெண்கள் யாரோ சிரித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"டியூப்லைட் ஒண்ணு இருக்குதுங்க. பகல்லயும் போட்டுத்தான் இருக்கும். அந்த வெளிச்சம் இதுக்குப் போதுமுங்களா?"

போதாது என்று ஒரு வார்த்தை சொன்னால் செடியாவது திரும்பி வரும். நாக்கு நுனிவரை வந்தது.

"போதும்" என்றார். "கொஞ்சம் கிட்டத்துல வெச்சா போதும்."

அவள் மூச்சு விடுவது கேட்டது.

"எனக்கும் அந்த வெளிச்சமே போதுமுங்க."