பரம்பரை நுரையீரல்

“மூச்சு எங்கலே போச்சு? நாசரேத்துலயே வச்சிட்டு வந்துட்டியா?”

கிளைட்டன் கேட்டதும் மேடைக்குப் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாசரேத் ஊர்க்காரனான பிரைட்டன் மட்டும் சிரிக்காமல் வெந்நீரை விழுங்கிக்கொண்டிருந்தான்.

‘பிளாக் ஆங்கர்’ ராக் குழுவுக்கு அவன் புதுப் பாடகன். கப்பல் வேலைக்குப் போன தூத்துக்குடிப் பையன்கள், ஆளுக்கொரு எலெக்ட்ரிக் கிட்டாரோடு ஊர் திரும்பிய காலத்தில் தொடங்கிய குழு அது. பையன்கள் எல்லாரும் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். தலைவர் கிளைட்டன் மட்டும் கடற்கரைப் புழுக்கத்திலும் தோல் ஜாக்கெட்டைக் கழற்றாமல், தலையில் சாயமும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக இளமையைக் கட்டிக் காத்துவந்தார்.

“பாட்டெல்லாம் நல்லாத்தான் பாடுதேன் அண்ணாச்சி. அந்த முழக்கம் மட்டும்தான்…”

“அது இல்லாம என்னலே பாட்டு? மீன் போடாத மீன் குழம்பா?”

முழக்கம் என்பது கடைசிப் பாட்டின் முடிவில் வருவது. முன்பு துறைமுகத்தை ஒட்டிய இதே கடற்கரையில் நடந்த கச்சேரியில் பழைய பாடகர் அம்புரோஸ் அடிவயிற்றிலிருந்து எடுத்து, மூச்சே விடாமல், கேட்டவர்களின் எலும்பு அதிர நிறுத்திய ஒற்றைச் சுரம். அன்று பதிவான கேசட் ஊர் ஊராகப் போனது. சென்னையிலிருந்து ஒருவர் வந்து ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார். அதோடு அம்புரோஸ் மேடை ஏறுவதை நிறுத்திவிட்டார். ‘உச்சியில நிக்கும்போதே இறங்கிட்ட ஞானி’ என்று பேட்டிக்குப் பேட்டி கிளைட்டன் சொல்வார். பிறகு வந்த பாடகர்கள் எல்லாரும் அந்த முழக்கத்தில் முட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள்.

“அம்புரோஸ் யாரு? முத்துக் குளிச்ச வம்சம்! கடலுக்கு அடியில மூச்சைக் கட்டுன குடும்பம். பரம்பரை நுரையீரல்லே அது! நீ தேரிக்காட்டுச் செம்மண்ணுல பொறந்த ஆளு. புன்னைக்காயல் கச்சேரியில தொண்டை கம்முச்சு. மணப்பாட்டுல இருமிட்டே. சனங்க பாவப்பட்டுக் கை தட்டுனாங்க. ராக் பாடகனைப் பாத்துச் சனம் பாவப்படலாமா? இன்னைக்கும் வரலைன்னா இந்த மேடையோட சரி, கேட்டுக்கோ.”

பிரைட்டன் கேட்டுக்கொண்டான். இதற்காகத்தான் அவன் பள்ளிக்கூட வேலையை விட்டான். ‘கத்தப் போறேங்கியே, கத்தவாவது வருமாலே?’ என்று அப்பா கேட்டபோது, வரும் என்று சத்தியம் செய்திருந்தான். சின்ன வயதில் அந்த கேசட்டைக் கேட்ட நாளிலிருந்து அவனுக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

டிரம்ஸ் வாசிக்கும் மகாராஜனிடம் கெஞ்சி வாங்கிய அம்புரோஸின் எண்ணோடு தண்ணீர் ஓரம் போய் நின்று போன் செய்தான். கடலும் வானமும் ஒரே சாம்பல் நீலமாகி, நடுவே இருந்த கோடு அழிந்துவிட்டிருந்தது. தோணிகள் வானத்தில் கட்டிப்போட்டவைபோல அசைந்தன.

“யாரு, புதுப் பாட்டுக்காரனா?” அம்புரோஸின் குரலே அலைபோல மெதுவாக வந்தது.

“அந்த முழக்கம் எப்படி அண்ணாச்சி வந்துச்சு?”

போனுக்குள்ளும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

“அதுவா வந்துச்சு தம்பி.”

“எனக்கு வர மாட்டேங்கு. இன்னைக்கு வரலைன்னா அவ்வளவுதான், அனுப்பிருவாங்க.” குரல் உடைந்தது.

“ஏலே, அழாத. கிட்டாரை நல்லாச் சத்தமா வைக்கச் சொல்லு. அந்த இடம் வந்ததும் கண்ணை மூடு, வாயைத் திற. நீயா ஒண்ணும் செய்யாத. கடல் பாத்துக்கும்.”

அவன் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டு, கிளைட்டன் நெஞ்சில் கை வைத்தார். “நான் சொல்லல? ஞானிலே அவன்!”

கடைசிப் பாட்டு. கிட்டார்கள் ஊளையிட்டன. அந்த இடம் வந்தது. பிரைட்டன் கண்ணை மூடினான், வாயைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை.

கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவதுபோல இருந்தது. காது அடைத்தது. பச்சை இருட்டில் கீழே, இன்னும் கீழே போனான். அடிமணலில் கால் பட்டது. அப்போது உள்ளங்கால் வழியாக அது ஏறியது. விலா எலும்பு நடுங்கியது. பல் நடுங்கியது. இவ்வளவு பெரிய சத்தம் இந்த ஒல்லி உடம்பில் இத்தனை நாள் எங்கே குடியிருந்தது? அவனுக்கு மூச்சே தேவைப்படவில்லை. அது போய்க்கொண்டே இருந்தது. அவன் அதன்மேல் மிதந்தான்.

கண்ணைத் திறந்தபோது கடற்கரையே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. கிளைட்டன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அழுதார். வேர்வையில் தலைச்சாயம் கரைந்து கன்னத்தில் கோடு போட்டது. மைக்கைப் பிடுங்கி முழங்கினார்: “மக்களே! நாசரேத்துக்காரனா இருந்தாலும் இவன் பாட்டனும் முத்துக் குளிச்சவன்தான்!”

பிரைட்டனின் பாட்டனார் கணக்கு வாத்தியார். குளத்தில் இறங்கவே பயப்படுவார். ஆனாலும் அந்த நிமிடம் பிரைட்டன் அதை நம்பினான்.

கால் தரையில் படாமல் மேடையை விட்டு இறங்கியபோது பையில் போன் அடித்தது.

“தம்பி, சரியான நேரத்துக்கு அடிச்சேனா?” என்றார் அம்புரோஸ். “அன்னைக்கு எனக்குத் தொண்டை அடைச்சு வாயைத் திறந்தபடி நிக்கையில, எந்தக் கப்பலோ தானா ஹாரன் அடிச்சிட்டுக் கிளம்புச்சு. இப்ப துறைமுகத்துல இழுவைக் கப்பல் ஓட்டுறதே நான்தான். ஹாரன் நம்ம கையிலதான் இருக்கு.”