விட்டுக்கொடுத்த இடம்

"சொன்னதில் எதையும் கூட்டாதே, குறைக்காதே." மாலை வகுப்பில் சைகை மொழி படிக்கும் எனக்கு இதுதான் முதல் பாடம். இன்று சர்ச் ஆராதனையில் அதுவே வினையாகிவிட்டது.

கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை மேடையில் சாட்சியாகச் சொன்னவர் மருந்துக் கம்பெனி விற்பனையாளர். முன்வரிசையில் காது கேளாத தையல்கார அக்கா. அவருக்காக நான் சைகை செய்துகொண்டிருந்தேன்.

"போன வருஷம் கவிழ்ந்த பஸ்ல நான் இருந்திருக்கணும். கிளம்புறப்ப ஒருத்தர் அவசரம்னு கெஞ்சினார். என் இடத்தைக் கொடுத்துட்டு இறங்கிட்டேன். யாரை எடுக்கணும், யாரை வைக்கணும்னு கர்த்தருக்குத் தெரியும். அந்த ஆளுக்கு என்ன பாவமோ, நியாயத்தீர்ப்பு அவர் மேல விழுந்துச்சு!"

"அல்லேலூயா!" என்றது சபை.

என் கைகள் நின்றுவிட்டன. அந்த விபத்தில்தான் அக்காவின் கணவர் இறந்தார்.

'ஏன் நிறுத்திட்டே?' என்று அக்கா சைகையில் அதட்டினார்.

'வேணாமேக்கா' என்று சைகையிலேயே கெஞ்சினேன்.

'முழுசா சொல்லுடி.'

சொன்னேன். நியாயத்தீர்ப்பையும் விடவில்லை.

அக்கா விருட்டென்று மேடையேறினார். அடித்துவிடுவாரோ என்று பயந்து பின்னாலேயே ஓடினேன். விற்பனையாளர் சிரித்தபடி மைக்கை நீட்டினார். அக்கா சைகை செய்ய, நான் குரல் கொடுத்தேன்.

"அந்த ஆள் என் வீட்டுக்காரர். 'நல்ல மனுஷன் ஒருத்தர் இடம் கொடுத்தார், அவருக்காக ஜெபம் பண்ணு'ன்னு பஸ்ல இருந்து மெசேஜ் அனுப்பினார். உடனே முழங்கால் போட்டு, உங்களைக் காப்பாத்தச் சொல்லி ஜெபிச்சேன்."

விற்பனையாளரின் சிரிப்பு உறைந்தது.

"அவரைக் காப்பாத்துன்னு கேக்க எனக்குத் தோணவே இல்லை."